சீலுக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளின் நடுவில் நான் டைரக்டர் ஆனேன். படிப்பு பத்தாவது வரைதான். என் கணவர் பீளமேட்டுப் பக்கம் பம்ப் செட்டுக்கு இரும்பு பாகங்கள் வார்த்துக் கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்தால்தான் பெரிய ஆர்டர் கிடைக்கும் என்றார் ஆடிட்டர். அதற்கு இரண்டு டைரக்டர்கள் வேண்டும். ஒருவர் கணவர். இன்னொரு ஆளாக நான் கூப்பிடு தூரத்தில், சமையற்கட்டில் நின்றிருந்தேன்.

"பேசவெல்லாம் வேண்டாம் அம்மணி. கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார் கணவர். அதனால்தான் சம்மதித்தேன். புது ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள் நான்.

எங்கள் வீடுதான் கம்பெனியின் பதிவு விலாசம். வாசலில் பெயர்ப்பலகை மாட்டியதும் எதிர்வீட்டு அக்கா, "ஏனுங் கண்ணு, ஊட்டுக்குள்ள பேங்க் தொறந்துட்டீங்களா?" என்று கேட்டார். டைரக்டர்கள் கூட்டம் போட்டதற்கு மினிட்ஸ் புத்தகம் உண்டு. ஆடிட்டரே எழுதிக்கொண்டு வருவார். 'இரு இயக்குநர்களும் நன்கு விவாதித்து' என்று அதில் இருக்கும். நான் காப்பி கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன்.

கம்பெனிக்கென்று ஒரு சீலும் வந்தது. இரும்புக் கைப்பிடியை அழுத்தினால் மையில்லாமலே காகிதத்தில் கம்பெனிப் பெயர் வட்டமாகப் புடைத்து நிற்கும். பத்திரமாக வைக்கச் சொன்னார்கள். சாமி அறையில் வைத்தேன். ஆயுத பூஜையன்று கணவர் உலைக்குப் பொட்டு வைக்கப் பட்டறைக்குப் போய்விட்டார். வீட்டிலிருக்கும் கம்பெனிக் கருவி இது ஒன்றுதானே என்று நான் சீலுக்கு வைத்தேன். காகிதம் நுழைகிற அதன் வாய்க்குள் விரலை விட்டு, எழுத்தின் மேலேயே தாராளமாகச் சந்தனம், அதற்கு மேல் குங்குமம்.

பத்து நாள் கழித்து ஒரு பம்ப் கம்பெனி மேனேஜர் ஒப்பந்தத்தோடு வீட்டுக்கே வந்தார். ஒரு வருடத்து வேலை. பட்டறையில் அப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் உலை மூட்டினோம். இதுவும் இல்லையென்றால் ஆட்களை நிறுத்தவேண்டியதுதான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு நான் கதவோரம் ஒதுங்கினேன். கணவர் சீலை ஒரு வெள்ளைத்தாளில் அழுத்திப் பார்த்தார். ஓரத்தில் நாலு எழுத்து. மற்றதெல்லாம் வெறும் தாள். எழுந்து நின்று பலம் கொடுத்து அழுத்தினார். அப்போதும் அதே நாலு எழுத்து.

"புதுக் கம்பெனியில்லீங்களா, சீலே கூச்சப்படுது" என்று சிரித்த மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "சீல் சரியா விழுகலீன்னா மேல எடுத்துக்க மாட்டாங்க. பல்லடம் ரோட்டுல இன்னொரு பட்டறையும் பாத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. நான் வரட்டுங்களா?"

காரணம் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏனுங்க, உட்காருங்க" என்றேன். இருவரும் திரும்பினார்கள். "உள்ள சந்தனம் அடைச்சிருக்குதுங்க. பூஜைக்கு நாந்தான் பொட்டு வெச்சுப்போட்டேன்."

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, மேனேஜர் எதிரிலேயே உட்கார்ந்து எழுத்தெழுத்தாகத் தோண்டினேன். பிறகு புளி போட்டுத் தேய்த்துத் துடைத்து வந்து, ஒப்பந்தத்தில் நானே அழுத்தினேன். பெயர் முழுசாகப் புடைத்தது. மேனேஜர் அதைத் தடவிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"ஒப்பந்தம் மணக்குதுங்க. அம்மணி பேசவே மாட்டாங்கன்னீங்க?"

"எனக்கே இன்னிக்குத்தானுங்க தெரியும்" என்றார் கணவர்.

அந்த மாத மினிட்ஸில் 'விவாதித்து' என்ற இடத்தைப் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆயுத பூஜைக்கும் சீலுக்குப் பொட்டு வைத்தேன். கைப்பிடியில் மட்டும்.