சிலியைச் சுருக்கச் சொன்னார்கள்

பூகோளம் கற்பிப்பது என்பது, நாமே பார்த்திராத நாட்டை, பார்க்க ஆசையே இல்லாதவர்களுக்குக் காட்டும் தொழில். இதே தொழிலில் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்னையில் பி.ஏ. முடித்த கையோடு, கொச்சி ராஜ்யத்தின் கிழக்கு மூலையில், வடகரப்பதிப் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தற்காலிக உபாத்தியாயினியாகச் சேர்ந்தேன். பள்ளியை நடத்திய கவுண்டர் முதல் நாளே நிபந்தனை போட்டார். இரண்டு மாதத்தில் இன்ஸ்பெக்டரம்மா வருவார். பாடம் பிடித்தால் நான் நிரந்தரம். இல்லாவிட்டால் பூகோள வகுப்பு தையலுக்குப் போகும், நான் ரயிலுக்குப் போகவேண்டும். அதற்காக நான் எடுத்துக்கொண்ட பாடம், 'நீண்ட நாடுகளும் அவற்றின் சங்கடங்களும்'.

பானையும் தேசமும்

வகுப்புச் சுவரில், தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக நாடா போல நீண்டு கிடக்கும் சிலி நாட்டை உத்தரத்திலிருந்து தரைவரை வரைந்தேன். தென்கோடி, குடிதண்ணீர்ப் பானைக்குப் பின்னால் போய்விட்டது. யார் தண்ணீர் மொண்டாலும் அங்கே மழை. பானையை நகர்த்தச் சொல்லி, பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரரான தலைமையாசிரியரிடம் அரைமணி நேரம் வாதாடினேன். ஒரு ராஜ்யத்துக்கு உருவம்தான் உயிர், வடகோடியில் வெயில் சுடும்போது தென்கோடியில் பனி பெய்கிறது, இரண்டையும் ஒரே சர்க்கார் கட்டி மேய்க்கவேண்டும் என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பானைக்கு வேற எடம் இல்லே. தேசத்தை ஒரு முழம் சுருக்கிடுங்கோ. அந்த தேசத்துக்காரா என்ன, இவ்வளவு தூரம் வந்து அளந்து பார்க்கவா போறா?"

எல்லைக் காவல்

என் வகுப்பின்மேல் ஒரு கண் வைத்திருந்த தையல் டீச்சர், ஒரு நாள் சிலியை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றார். நீண்ட நாட்டுக்கு எல்லையைக் காப்பது ஏன் கஷ்டம் என்று நான் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைக் கேட்க அவருக்குப் பொறுமையில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "துணி அதேதானுங்க, சதுரமா வெட்டியிருந்தா ஒரு பொழுதுல ஓரம் தெச்சு முடிச்சிருக்கலாம்" என்றார். என் இரண்டு பக்கத்தையும் அன்றே கிழித்தேன்.

எருமையின் குடியுரிமை

தூர தேசம் வேண்டாம், நம் தாலுகாவையே பாருங்கள் என்று ஒரு நாள் ஆரம்பித்தேன். கொச்சியைச் சேர்ந்திருந்தும் அந்த ராஜ்யத்தின் மற்றத் தாலுகாக்களோடு ஒட்டாமல், சுற்றிலும் பிரிட்டிஷ் மண் நிற்க, தனித் துண்டாகக் கிடக்கிறதே, இது எவ்வளவு சங்கடம் என்று மேஜையைத் தட்டினேன். ஏழாம் வகுப்பு வள்ளியின் தாயார் மாராத்தாள், மகளுக்கு லீவு கேட்க வந்தவர், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்மேல் அவருக்கு நிஜமான பரிதாபம். "எங்க எருமை பிரிட்டிஷ்ல மேஞ்சு, கொச்சியில கறக்குதுங்க டீச்சரம்மா. அதுக்கு ஒரு சங்கடமும் இல்லீங்க."

இன்ஸ்பெக்டரம்மா வந்தார்

நீளமாக இருப்பதால் சிலிக்கு என்ன சங்கடம் என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். ஐந்து சங்கடங்களை ஒரு வாரமாக உருப்போட வைத்திருந்தேன். எழுந்தவள் வள்ளி. ஒரு சங்கடமும் இல்லை என்றாள். தன் அப்பாவுக்குப் பாகத்தில் வந்த பூமியும் வாய்க்கால் ஓரமாக அப்படித்தான் நீளமாம். எங்கே மடை வெட்டினாலும் தண்ணீர் பாயுமாம். சிலிக்கும் ஒரு பக்கம் முழுக்கக் கடல்தானே என்றாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பேன். கடல் தண்ணீரில் வெள்ளாமை நடக்குமா என்று என் மாணவியோடு நானே சண்டைக்குப் போனேன். கப்பல் வருமே, வண்டித்தடத்துக்குப் பக்கத்துக்காட்டுக்காரனைக் கெஞ்ச வேண்டாமே என்றாள் அவள். இன்ஸ்பெக்டரம்மா அவள் கட்சியில் சேர்ந்தார். மணி அடித்தது, ஒருவரும் எழவில்லை. பாடமும் போயிற்று, வேலையும் போயிற்று என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்ஸ்பெக்டரம்மா நோட்டை மூடிவிட்டு, மூலை நாற்காலியில் இருந்த கவுண்டரிடம் அவர் அபிப்பிராயத்தைக் கேட்டார். அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"பூகோளம் இருக்கட்டுமுங்க, டீச்சரம்மாவும் இருக்கட்டும். பாகம் பிரிக்கையில, பார்வைக்கு நல்லாருக்குதுன்னு மேட்டுல சதுரமா வாங்கிக்கிட்டு, வாய்க்காலைத் தம்பிக்கு உட்டவன் நானுங்க. என்ற புள்ளைகளாச்சும் இதைப் படிச்சுப்போட்டு, வாய்க்காலோரமா நீளமானதைக் கேட்டு வாங்கட்டும்."

நீண்ட நாடுகளின் சங்கடங்களை நிரூபிக்கப் போன எனக்கு, அவற்றுக்குச் சங்கடமே இல்லை என்று நிரூபணமானதால் வேலை நிரந்தரமாயிற்று.