எங்கள் பக்கத்து லைன்ஸ்மேன்

நான் அதிகம் பேசாதவன். கூட்டத்தில் யாராவது என் பக்கம் திரும்பினாலே குனிந்துகொள்வேன். பண்டமாரானில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை எனக்கு. பெட்டிகள் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்டவன் கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் கொடியைக் கொடுத்து, திடல் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

கொடுத்தவர் என் தங்கையின் கணவர். எங்கள் காற்பந்துக் குழுவுக்கு மேனேஜர், கோச், வேன் ஓட்டுநர் எல்லாம் அவர்தான். குழுவுக்கு ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெயர். தோட்டம் இப்போது இல்லை. அங்கே வீடுகள் வந்துவிட்டன. அங்கிருந்தவர்கள் கிள்ளான், பண்டமாரான், ஷா ஆலம் என்று பிரிந்து போனோம். ஜெர்சியின் முதுகில் மட்டும் அந்தப் பெயர் இருக்கிறது. மற்ற நாட்களில் எங்கள் ஆட்கள் இங்கிலாந்துக் குழுக்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு, பார்த்தே இராத ஊர்களுக்காக உணவுக்கடைத் தொலைக்காட்சி முன்னால் சண்டை போடுவார்கள். ஞாயிறு மாலை தோட்டத்துக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

எங்களைப் போன்ற குழுக்கள் ஆண்டுதோறும் ஆடும் கோப்பையை நாங்கள் ஒருமுறைகூட வென்றதில்லை. அன்று இறுதி ஆட்டம். எதிரணி பிரிக்ஃபீல்ட்ஸ், ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். நாங்கள் அவர்களைக் கூட்ஸ் வண்டி என்போம். அவர்கள் எங்களை ஒட்டுப்பால் என்பார்கள், மரத்தில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர்ப் பால்.

எங்கள் ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. நடுவர் வெளியாள். லைன்ஸ்மேனை மட்டும் குழுவுக்கு ஒருவராக நாங்களே கொண்டுவர வேண்டும். நம் ஆள், நாம் கோலைக் காக்கும் பாதியில் கோட்டோரமாக நிற்பார். எதிராளி நம் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நின்று பந்தை வாங்கினால் ஆஃப்சைட் என்று கொடி தூக்குவார். தாண்டாவிட்டாலும் சில நேரம் தூக்குவார். அதை யாரும் பெரிய பாவமாக நினைப்பதில்லை. இடைவேளைக்குப் பிறகு குழுக்கள் பக்கம் மாறும். அப்போது லைன்ஸ்மேனும் நடந்து மறு பாதிக்குப் போய்விட வேண்டும். ரசிகர்களும் பாய், குடை, கொட்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, தங்கள் குழு கோல் போடப்போகும் பக்கம் மாறுவார்கள். அதனால் லைன்ஸ்மேனின் முதுகுக்குப் பின்னால் எப்போதும் எதிராளிகள்தான்.

வழக்கமாகக் கொடி பிடிப்பவருக்கு அன்று முதுகுவலி.

"மாப்ள, என்னால முடியாது. எனக்கு ரூல்ஸே ஒழுங்கா தெரியாது," என்றேன்.

"ரூல்ஸ் எதுக்கு மச்சான்? இந்தக் கோல் பக்கம் எவனாச்சும் முந்தி ஓடியாந்தா கொடியத் தூக்குங்க. டவுட்டா இருந்தாலும் தூக்குங்க. அவ்ளோதான் லா."

முதல் பாதி முழுக்க என் காதுக்குப் பின்னால் பிரிக்ஃபீல்ட்ஸ் கொட்டு அதிர்ந்தது. நான் முதல்முறை கொடி தூக்கியதும் கொட்டு நின்றது. அந்த அமைதி கொட்டுச் சத்தத்தைவிட மோசம்.

"ஒட்டுப்பால் அங்கிள், கண்ணாடி வீட்டுல மறந்துட்டீங்களா?"

"அங்கிளத் திட்டாதடா, கை வலிக்குது அவருக்கு, அதான் நீட்டி நிமுத்துறாரு."

பருத்த கைகள் உள்ள ஒருவர் மெதுவாகக் கேட்டார். "அண்ணே, காடி எங்க பார்க் பண்ணிருக்கீங்க?"

நான் வேனில் வந்தவன். என்னிடம் காரே கிடையாது. ஆனாலும் பயந்தேன். அந்தப் பாதியில் நான்கு முறை கொடி தூக்கினேன். இரண்டுக்கு எனக்கு நிச்சயம் இருந்தது. மற்ற இரண்டில், பின்னால் சத்தம் எழும்பியதும் கை தானாகவே மேலே போய்விட்டது. அப்படியும் அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள்.

இடைவேளை வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்டம் எழுந்து மறு பாதிக்குப் போனது. நானும் அவர்கள் பின்னால் போயிருக்க வேண்டும். பருத்த கைக்காரர் போகிறபோது என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், கால் எழவில்லை. சிரப் தண்ணீர்ப் பாக்கெட்டை உறிஞ்சிக்கொண்டு, சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோல் குனிந்தே இருந்தேன். நிமிர்ந்தபோது விசில் ஊதி ஆட்டம் தொடங்கிவிட்டது. என் பின்னால் எங்கள் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் குரல் கேட்டது. இங்கேயே நின்றுவிடலாம் என்று நினைத்தேன். லைன்ஸ்மேன் எங்கே நிற்கிறார் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? யாரும் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். தூறல் ஆரம்பித்திருந்தது. எங்கள் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் பந்தை வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். அவர் எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். மதியம் என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுபவர். என் பின்னால் கூட்டம் மொத்தமாகக் கத்தியது. அந்தச் சத்தத்தில் எனக்கு முகங்கள் மறைந்துபோயின. சத்தம், இந்தக் கோல், ஓடிவரும் ஓர் ஆள். முதல் பாதி முழுக்கப் பயந்து பயந்து பழகிய கை மேலே போயிற்று.

பந்து வலைக்குள் இருந்தது. என் கொடி வானத்தில் இருந்தது.

எதிர்க் கோட்டில் நின்ற பிரிக்ஃபீல்ட்ஸ் லைன்ஸ்மேன்கூடக் கொடி தூக்கவில்லை. நடுவர் விசில் ஊதிவிட்டு என்னிடம் ஓடிவந்தார்.

"ஷூரா, அங்கிள்?"

'தப்பாத் தூக்கிட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். வாயைத் திறந்தால் எல்லோரும் என்னையே பார்ப்பார்கள் என்ற பயம். ஏற்கெனவே எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"சொந்த ஆளே தூக்கிட்டாரு, அப்புறம் என்னா பேச்சு?" என்றார் பிரிக்ஃபீல்ட்ஸ் கேப்டன். கோல் இல்லை என்றாகிவிட்டது. கோப்பையும் போய்விட்டது.

ஆட்டம் முடிந்ததும் ஒரு தண்ணீர்ப் போத்தல் என் காலருகே வந்து விழுந்தது. "வித்துட்டான்டா," என்று எங்கள் ஆள் ஒருவர் சொன்னது கேட்டது. அந்த நேரம் பார்த்துப் பருத்த கைக்காரர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அண்ணே, நீங்கதான் நியாயஸ்தரு." அன்று முழுவதும் நான் பட்ட பயத்தில் அதுதான் பெரியது. என் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேனில் எட்டுப் பேர் இருந்தார்கள். யாரும் எனக்கு இடம் விடவில்லை, முன்சீட்டில் ஏறினேன். தங்கை தன் கணவரின் கைப்பேசியில் கோலைப் படம் பிடித்திருந்தாள். அவர் வேனைக் கிளப்புமுன் அதைப் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். கதவின் கைப்பிடியை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"ஆஃப்சைட்தான்டா," என்றார். "ஒரு அடி முந்திட்டான். விடுங்க."

"காட்டுங்கண்ணே."

"பேட்டரி போச்சு."

கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேனைக் கிளப்பினார். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார். சற்று நேரம் கழித்து ஒருவர் என் தோளைத் தட்டி நிலக்கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

புதன்கிழமை தங்கை வீட்டுக்குப் போனபோது, அவர் என்னைத் தனியே அழைத்துப் படத்தைக் காட்டினார். பந்து வரும்போது எங்கள் ஆள் அவர்களுடைய கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டவில்லை, நன்றாகவே இந்தப் பக்கம் இருக்கிறார். சுத்தமான கோல்.

"ஏன் மாப்ள அப்படிச் சொன்னீங்க?"

"வேன்ல எட்டுப் பேரு மச்சான். நீங்க ஒருத்தரு."

"அழிச்சிடுங்க."

அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அது மட்டும் முடியாது மச்சான். ஃபைனல்ல நம்ம போட்ட கோல் இது ஒண்ணுதான்."

மறுநாள் மதியம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். நான்கு நாளாக என்னிடம் பேசாதவர். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"சாரிண்ணே. நான்தான் அவசரப்பட்டு முந்திட்டேன். நம்ம ஆளுங்க அத்தன பேரு பின்னால இருந்தும் பயப்படாம தூக்குனீங்க பாருங்க."

நடுவரிடம் ஆட்டியதுபோலவே தலையை ஆட்டினேன். அவர் தன் தட்டிலிருந்து பொரித்த மீனில் பாதியை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தார். இன்றும் தங்கை வீட்டில் அந்தக் கைப்பேசியை யாராவது கையில் எடுத்தால், நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர்கள் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.