தொங்கின பொட்டி

எர்ணாவூர் கன்டெய்னர் யார்டில் ரமாபாயிடம் திட்டு வாங்காதது அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அண்ணல் படம் ஒன்றுதான். மற்றபடி மின்விசிறி, டீக்கடைக்காரர், ஜன்னல் வழியாக வந்து படியும் கரித்தூள், மேனேஜர் ஞானதுரை என்று எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் அந்தத் திட்டில் சமபங்கு உண்டு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு மின்ட் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த பிறகு இங்கே வந்து சேர்ந்தாள். அந்த வருஷம்தான் யார்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. "தெரியுமா?" என்று கேட்டார்கள். "தெரியும்" என்றாள். தெரியாது. திட்டித் திட்டியே கற்றுக்கொண்டாள்.

வேலை என்னவோ லேசானதுதான். டிரெய்லர்காரர்கள் கன்டெய்னர் பெட்டியை இறக்கிவிட்டு அவள் ஜன்னலுக்கு வருவார்கள். வண்டி நம்பரையும் டிரைவர் பேரையும் அடித்து பிரிண்ட் கொடுத்தால் கேட் பாஸ் வரும். அதைக் காட்டினால்தான் வெளியே விடுவார்கள். பாஸ் தயாரானதும் மேசை மேல் இருக்கும் மைக்கில் டிரைவர் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். யார்டு முழுக்க நாலு மூலையிலும் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருந்தது. டிரைவர்கள் அவளை மைக் அக்கா என்றார்கள். அதற்கும் ஒரு நாள் திட்டினாள்.

இந்தக் கம்ப்யூட்டரில் அவளுக்கு ஆகாத விஷயம் ஒன்று உண்டு. அடித்ததைத் தானே வாங்கிக்கொண்டு போய் பிரிண்டரிடம் கொடுக்காது. திரைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும், அது வாங்கி, வரிசையில் போட்டு, ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். மாதத்துக்கு ஒரு முறையாவது அது அப்படியே நின்றுவிடும். நின்றதை ஒரு வார்த்தை சொல்லாது. திரை பளிச்சென்று இருக்கும், எழுத்து விழும், பிரிண்டரில் பச்சை விளக்கு எரியும், எல்லாம் கல்யாண வீடு மாதிரி இருக்கும், பாஸ் மட்டும் வராது. "நின்னா நின்ட்டேன்னு சொல்லணும். கம்னு உக்காந்துகினு ஆளை டபாய்க்கக் கூடாது" என்பாள். அவளுக்குத் தெரிந்த மனிதர்கள் சிலரும் இந்த ரகம்தான் என்பதால் அவளுக்கு எரிச்சல் இரட்டிப்பாக வந்தது.

சுனாமிக்கு முந்தின வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நின்றது.

ஜன்னலில் அப்போது நின்றவர் மாத்தூர் கிருஷ்ணப்பன். ஐம்பது வயது, எப்போதும் நரைத்த தாடியோடு வருகிற டிரெய்லர் டிரைவர். அன்று சவரம் செய்து, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். அவர் மகள் செங்கொடிக்கு அன்றைக்குப் பூ வைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் மத்தியானமே வந்துவிடுவார்கள். நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் தகப்பன் உட்கார்ந்து தாம்பூலத் தட்டு மாற்றியாக வேண்டும். லீவு கேட்டதற்கு முதலாளி, "ஒரே ஒரு பெட்டி, போட்டுட்டு ஓடிப் போயிடு" என்றிருந்தார்.

"ரமாம்மா, பொட்டி எறக்கியாச்சு. பாஸ் குட்த்தீன்னா கெளம்பிடுவேன்" என்றார் கிருஷ்ணப்பன், வாயெல்லாம் பல்லாக.

"இந்தாணா, ஒரே நிமிசம்" என்று பிரிண்ட் கொடுத்தாள் ரமாபாய். பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான்.

மறுபடி கொடுத்தாள். பிரிண்டரை அணைத்துப் போட்டாள். பேப்பரை உருவிச் சொருகினாள். அதற்குள் பின்னால் வந்து நின்ற டிரைவர்கள் ஜன்னலில் தலையை விட்டு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். டி.வி.யை ஆஃப் பண்ணிப் போடு என்றார் ஒருவர். தலையில் ஒரு தட்டுத் தட்டு என்றார் இன்னொருவர். "உன் தலைல தட்டுறேன், வா" என்றாள் ரமாபாய்.

சத்தம் கேட்டு ஞானதுரை எழுந்து வந்தார். கெட்டவர் இல்லை. கையைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாதவர். "என்னம்மா இது, தள்ளு" என்று மவுஸைப் பிடுங்கி பிரிண்ட் பொத்தானை அமுக்கினார். சிக்னலில் மாட்டிக்கொண்டவன் ஹாரன் அடிக்கிற மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"சார், நீங்க அமுக்க அமுக்க எல்லாம் உள்ள போய் வரிசைல நின்னுகினு கீது சார். மொத ஆளே நவுரல."

"அமுக்காமல் எப்படிம்மா வரும்?"

ரமாபாய் பல்லைக் கடித்துக்கொண்டாள். கையால் பாஸ் எழுதித் தரலாமா என்றாள். கம்ப்யூட்டர் வந்த பிறகு கையெழுத்துப் பாஸ் செல்லாது என்றார் அவர். கிருஷ்ணப்பன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிப் போகவும் வழியில்லை. வெளியே போகும் லைனில் முதல் வண்டி அவருடையது. அது நகராமல் பின்னால் ஒரு வண்டியும் நகர முடியாது. போனால் நாளைக்கு வேலை இருக்காது. அவர் ஜன்னலிலேயே நின்றுகொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத்தான் ரமாபாயால் தாங்க முடியவில்லை. அந்த மனுஷன் நாலு வார்த்தை கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், மனசு ஆறியிருக்கும்.

"பேஜாரு வேணாண்ணா, மொஹ்சினைப் புட்சிடறேன்" என்று செல்லை எடுத்தாள்.

மொஹ்சின் வண்ணாரப்பேட்டைக்காரன், இந்தக் கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்தவன். எங்கோ தெருவில் நின்று பேசினான். லைன் விட்டு விட்டுக் கேட்டது. "இன்னாக்கா? கேக்கல! கத்திச் சொல்லு!" என்றான். கத்திச் சொல்வதற்கு ரமாபாய்க்கு யாரும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. எழுந்து நின்று, மேசை மேல் ஒரு கையை ஊன்றிக் கத்தினாள்.

"பொட்டி தொங்கிடுச்சுபா! பொட்டி தொங்கிகினு கீது! எல்லாம் அப்டியே நிக்குது, இன்னா பண்றதுன்னே தெர்ல!"

மொஹ்சின் அகராதியில் பொட்டி என்றால் சி.பி.யூ. ஹேங் ஆகிவிட்டால் தொங்கிடுச்சு. அவனிடமிருந்து அவளுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் யார்டில் வேலை செய்கிறவனுக்குப் பொட்டி என்றால் கன்டெய்னர். அது தொங்குகிறது என்றால் கிரேனில், ஆட்கள் தலைக்கு மேல், பிடி நழுவி நிற்கிறது என்று அர்த்தம். அவள் ஊன்றிய கை மைக்கின் பொத்தான் மேல் இருந்தது.

நாலு மூலைக் குழாயிலும் அவள் குரல் போனது.

முதலில் விசில். அப்புறம் ஓடுகிற சத்தம். கிரேன் ஆப்பரேட்டர் சண்முகவேல் வெறும் கொக்கியோடு நின்றவர், தன் கொக்கியையே அண்ணாந்து பார்த்தார். அது காலியாக இருந்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. போன வருஷம் வேறொரு யார்டில் ஒரு பெட்டி விழுந்ததிலிருந்து இங்கே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். பெட்டி தொங்கினால் எல்லாரும் வேப்பமரத்தடியில் கூட வேண்டும், கேட்டை அடைத்துவிட வேண்டும், சேஃப்டி ஆபீசர் பார்த்து ஆபத்து நீங்கியது என்று சொல்லும் வரை ஈ காக்கா வெளியே போகக் கூடாது. கேட்டின் இரும்புக் கதவு கடகடவென்று இழுபட்டுச் சாத்துகிற சத்தம் ரமாபாய்க்குக் கேபினுக்குள் கேட்டது. அப்போதுதான் தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

"அய்ய, எயவே!" என்றாள். அதுவும் குழாயில் போனது.

ஞானதுரை தலையில் கை வைத்துக்கொண்டார். கிருஷ்ணப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரமாபாய்க்குத் தன்னைத் திட்டிக்கொள்ள வார்த்தை கிடைக்கவில்லை. ஊரையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டு, வேண்டிய நேரத்தில் கைவசம் ஒன்றும் இல்லை.

மொஹ்சின் திரும்ப அழைத்தான். இந்த முறை மைக்கின் வயரையே உருவிவிட்டுப் பேசினாள்.

"கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூணையும் சேத்து அமுத்துக்கா. லிஸ்ட் ஒண்ணு வரும். அதுல ஸ்பூல்னு ஆரம்பிக்கிறது ஒண்ணு கீதா?"

"கீது. ஒயுங்கா ஓடிகினு கீற மாதிரியே போட்டுகீது, பேமானி."

"அத்த முடிச்சு வுடு. அப்பால அது சேத்து வெச்சிகீற ஃபோல்டரைத் தொறந்து உள்ள கீறதெல்லாம் தூக்கிப் போடு. திரும்ப ஸ்டார்ட் பண்ணு."

ஃபோல்டரைத் திறந்தால், ஞானதுரை அமுக்கின அமுக்கெல்லாம் உள்ளே கியூவில் நின்றிருந்தது. மொத்தத்தையும் துடைத்தாள். எது முதலில் மாட்டியது, ஏன் மாட்டியது என்று கேட்டதற்கு மொஹ்சின், "அது அப்டித்தாங்க்கா" என்றான். படித்தவன் சொல்கிற பதிலா இது என்று அதற்கும் கோபம் வந்தது. திரும்ப ஸ்டார்ட் பண்ணி, கிருஷ்ணப்பன் பேரை அடித்தாள். பிரிண்டர் கரகரவென்று இழுத்து, பாஸைத் துப்பியது. இவ்வளவுதான் வேலை.

பாஸ் கைக்கு வந்துவிட்டது. கேட் திறக்கவில்லை.

மரத்தடியில் சேஃப்டி ஆபீசர் லூர்து ஆட்களை நிறுத்தி வைத்து, "எந்தப் பொட்டி? எந்த லைனு?" என்று ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியே இல்லை, அது கம்ப்யூட்டர் பெட்டி என்று ரமாபாய் ஓடிப் போய்ச் சொன்னாள். "யாரைக் காப்பாத்த இப்படிச் சொல்றே?" என்று அவளையே சந்தேகமாகப் பார்த்தார். தொங்கின பெட்டி இறங்கினதைக் காட்டாமல் ஆபத்து நீங்கியது என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி. சட்டத்தில் தொங்காத பெட்டிக்கு இடமில்லை. ரமாபாய் கையை மடக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டது. கிருஷ்ணப்பன், "ரமாம்மா, செல்லை ஒரு தபா குடு" என்று வாங்கி வீட்டில் மனைவியிடம் பேசினார்.

"வள்ளி, நான் வந்து சேர மாட்டேன். நேரம் போவப் போவுது. மச்சானை என் எடத்துல உக்கார வெச்சுத் தட்டு மாத்திடுங்க... இல்லமே, பரவால்ல... அட, பரவால்லன்றேன்ல." செல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேகமாக நடந்து போய் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் முகத்தைத் துடைப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ரமாபாய் அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். தான் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று நினைத்தாள்.

கையிலிருந்த செல் அடித்தது. கிருஷ்ணப்பன் பேசிய அதே நம்பர்.

"யாருக்கா அது? எங்கப்பா பக்கத்துல கீறாரா?" ஒரு பெண்ணின் குரல். அழுது முடித்த குரல். "நான் செங்கொடி. அவர்கிட்ட சொல்லு. அவரு வர்ற வரிக்கும் நான் ரூமை வுட்டு வெளிய வர மாட்டேன். தாப்பா போட்டுகினு கீறேன். மாமா உக்காந்தாலும் பூ வெச்சிக்க மாட்டேன். ராகு காலம் முட்ஞ்சி ஆறு மணிக்கு மேல வெச்சிக்கலாம், மாப்ளையே சரின்ட்டாரு. அவங்க வூட்டு ஆளுங்க இங்கதான் நாஸ்டா துன்னுகினு ஒக்காந்து கீறாங்க. வரச் சொல்லு, எந்நேரமானாலும் வரச் சொல்லு."

ரமாபாய்க்கு வழக்கம்போல் கோபம் வந்தது, இந்த முறை நல்ல வலுவாக. மைக் வயரைத் திரும்பச் செருகினாள். ஞானதுரை "ஏம்மா, ஏம்மா" என்று எழுவதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

"எல்லாருக்கும் சொல்லிக்கிறது இன்னான்னா, தொங்கின பொட்டி பத்திரமா எறங்கிடுச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆவல. நானே என் கண்ணால பாத்தேன். லூர்து சார், பொட்டி எறங்கிடுச்சு சார்!"

மரத்தடியில் லூர்து சுற்றும் முற்றும் பார்த்தார். எல்லாப் பெட்டிகளும் தரையில்தான் இருந்தன. அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான் போலிருக்கிறது, நிம்மதியாக மூச்சு விட்டு, ஆபத்து நீங்கியது என்று கையைத் தூக்கினார். கேட் கடகடவென்று திறந்தது.

ரமாபாய் பாஸை எடுத்துக்கொண்டு கேபினை விட்டு இறங்கி ஓடினாள். டிரெய்லரின் கதவைப் பட் பட்டென்று தட்டி, மேலே நிமிர்ந்து செங்கொடி சொன்னதை மூச்சிரைக்கச் சொன்னாள். தாப்பாளை, மாப்பிள்ளையை, ஆறு மணியை, ஒன்று விடாமல். கிருஷ்ணப்பன் கேட்டார். பாஸை வாங்கிக்கொண்டார். சாவியைத் திருகாமல் அப்படியே உட்கார்ந்து அவளைப் பார்த்தார்.

"எம்பொண்ணா அப்டி சொன்னா?"

"ஆமாண்ணா, உன் பொண்ணுதான் சொல்ச்சு! கதவைச் சாத்திகினு ஒக்காந்து கீது, நீ இங்க ஒக்காந்துகினு என் மூஞ்சப் பாத்துகினு கீற! எட்ரா வண்டிய! போண்ணா, போ, போய்த் தொலை!"

பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. கிருஷ்ணப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.