பொறுக்கி எடுத்த குழம்பு

எங்கள் மட்டாஞ்சேரி விலாசினி, தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டில் வெறுங்கையால் உரித்து உரித்தே ஓய்ந்தவள். கடைசியில் அவள் உடம்பு இறாலையே எதிரியாக்கிக்கொண்டது. அதன் புரதம் கரைந்த தண்ணீர் நாக்கில் பட்டாலே போதும், ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி சண்டைக்குக் கிளம்பிவிடும், தொண்டை அடைத்துக்கொள்ளும்.

நேற்று அவள் மாமியார் இறால் குழம்பில் இறாலை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு வெறும் குழம்பை அவள் சோற்றில் ஊற்றினார். மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் திரும்பியவளிடம், "ஒரு துண்டுகூட இல்லையே, என்ன நடிப்பு!" என்றார். வாய் கூசவில்லை அந்த அம்மாவுக்கு.

மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. விலாசினி அவர் சாயாவில் சீனியைக் கொட்டி, கரையும்வரை கலக்கி, முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சீனி எங்கயாவது தெரியுதா அத்தே? குடிங்க."