எலிப் படத்தோடு போன காப்பகம்

கடைக்காரர்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பது அவர் தொழில். ஒரே பக்கத்தை நகலெடுத்து, பெயரையும் நிறத்தையும் மாற்றி அடுத்தவர் தலையில் கட்டுவார். பல் மருத்துவருக்குச் செய்தது பழைய இரும்புக் கடைக்குப் போகும். கேட்டால், "கண்ணுக்குத் தெரியாததை எவன் பாக்கப்போறான்?" என்பார். இந்த லட்சணத்தில் தன்னை நிபுணர் என்று வேறு சொல்லிக்கொள்வார்.

அவருடைய தங்கை வேலையை விட்டுவிட்டு, வாடகை வீட்டில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினாள்.

"இந்த மாசம் நாலு பிள்ளையாவது சேரலேன்னா, பழைய ஆபீஸ் வாசல்லதான் போய் நிக்கணும்ணா."

"அண்ணன் எதுக்கு இருக்கேன்?" என்றவர், எலி ஒழிப்புக்காரருக்குச் செய்த பக்கத்தை எடுத்தார். எலியை நீக்கினார், பொம்மைகளை வைத்தார். வேலை முடிந்தது.

பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா டேக் என்று சில வரிகள் உண்டு. இணைப்பைப் பகிரும்போது எந்தப் படமும் தலைப்பும் தெரிய வேண்டும் என்பதை அவைதான் சொல்லும். அந்த வரிகளை அவர் தொடவே இல்லை.

தங்கை தன் தெருத் தாய்மார்களின் கைபேசிக் குழுவில் இணைப்பைப் போட்டாள். செத்த எலியின் படம் வந்து நின்றது. அதன் கீழே கொட்டை எழுத்தில்: "தொல்லையா? கூண்டோடு ஒழிப்போம்."

"என் பையன் தொல்லைதான்டி, அதுக்காக இப்படியா?" என்று எழுதினாள் ஒருத்தி. குழுவே கொல்லென்று சிரித்தது.

"அண்ணா, என் மானத்தை வாங்கிட்டியே!"

"ஒரு படம், அவ்வளவுதானே? மாத்திட்டேன் போ."

மாற்றினார்தான். ஆனால் குழுவில் விழுந்த எலி அசையவில்லை. பகிரும் செயலி பழைய படத்தையே பிடித்து வைத்திருந்தது. அதோடு, தேடுபொறிக்கென்று தொழிலும் தொலைபேசி எண்ணும் எழுதி வைக்கும் தனி வரிகளை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாள் முழுக்கத் தங்கையின் தொலைபேசி ஊமையாகக் கிடந்தது.

சாயங்காலம் எலி ஒழிப்புக்காரரே நேரில் வந்தார். "தங்கச்சி, காப்பகம்னு தேடினா என் நம்பர்தான் வருது. காலையிலேருந்து உங்களுக்கு வர்ற போனையெல்லாம் நான்தான் எடுக்கறேன். இடம் நல்லா இருக்கும், நேர்ல போய்ப் பாருங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "ஏன் சார், என் பக்கத்துல யாரோட பல்லு இருக்கோ?"

அண்ணன் அவசரமாக எலி ஒழிப்புக்காரரின் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

தங்கை கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டாள். தலைப்பகுதியைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துத் தானே திருத்தினாள். அண்ணன் நாற்காலியை நெருங்கியபோது, "தொட்டே, கையை உடைப்பேன்" என்றாள். பழைய படம் ஒட்டிக்கொள்ளாதபடி புதிய இணைய முகவரியில் பக்கத்தை ஏற்றி மறுபடி பகிர்ந்தாள். இந்த முறை பொம்மைகள் வந்தன. நேரில் பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் பிள்ளைகளைச் சேர்த்தார்கள்.

நிபுணர் இன்றும் புதிய வாடிக்கையாளர்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது: "என் தங்கச்சி காப்பகத்துக்குப் பக்கம் போட்ட அன்னைக்கே போன் மேல போன்!"