மீன் வால் இல்லாத வரைபடம்

என் அண்ணியின் வாயிலிருந்து "நான் செய்தது தப்பு" என்ற வார்த்தையை வரவழைப்பது குதிரைக் கொம்பு. கல்யாணமாகி வந்த இந்தப் பதினான்கு வருடத்தில் பால் பொங்கினால் அடுப்பின் குற்றம், பஸ் போய்விட்டால் கடிகாரத்தின் குற்றம். எனக்கும் அண்ணனுக்கும் இது பழகிவிட்டது. குற்றவாளி நாங்களாக இல்லாதவரை நிம்மதி என்று இருந்துவிடுவோம்.

ஆனால் வேலையில் ஆள் கெட்டிக்காரி. மின்னணு போர்டுகளைப் பழுது பார்க்கிறார். முன்னறை ஜன்னலோரம் அவருடைய மேஜை. அதன்மேல் சால்டரிங் அயர்ன், பூதக்கண்ணாடி, யார் யாருடைய வாஷிங் மெஷினிலிருந்தோ கழன்று வந்த போர்டுகள். அண்ணன் ஒரு அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் ஓட்டுகிறார். நான் அங்கேயே பைண்டிங் பிரிவில் இருக்கிறேன். அச்சகத்தில் எது பழுதானாலும் அண்ணிக்குத்தான் ஆள் போகும். அங்கே எல்லோரும் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபத்திரண்டு வயது முதலாளிக்கும் அவர் அண்ணிதான்.

அந்த வெட்டு மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கத்தி ஒரு ஆள் நீளம். இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்தினால்தான் கீழே இறங்கும். இறங்கும்போது யாராவது முன்னால் கையை நீட்டினால் அங்கே ஓடும் ஒளிக்கதிர் தடைபட்டு, கத்தி நின்றுவிடும். சிவப்புப் பொத்தானைத் தட்டினாலும் நிற்கும். இரண்டில் எது நடந்தாலும் போதும். இருபது வருடமாக அண்ணனின் பத்து விரலும் பத்திரமாக இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

போன மாதம் அந்த மெஷினின் போர்டில் ஒரு ஐசி, கால் முளைத்த சின்னக் கறுப்புச் சில்லு, கருகிவிட்டது. மேலே இருந்த எண்ணும் சேர்ந்து கருகிவிட்டதால் அது என்ன ஐசி என்றே தெரியவில்லை. பள்ளிக்கூட நோட்டுகள் எட்டாயிரம் ஓரம் வெட்டப்படாமல் காத்துக் கிடந்தன. முதலாளி அலமாரியைக் குடைந்து மெஷினின் வரைபடத்தைத் தேடிக் கொடுத்தார். நகலுக்கு நகல் எடுத்த தாள்.

அண்ணி அதைப் பார்த்து முகம் சுளித்தார். ஐசிக்குள் சிக்னலை விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்யும் இடத்துக்கு வாசல் என்று பெயர்; அவர் படித்த வரைபடங்களில் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு உருவம் உண்டு. வருகிற எல்லா சிக்னலும் இருந்தால்தான் விடுவேன் என்று அடம்பிடிக்கும் வாசல், பாதி ரொட்டி மாதிரி இருக்கும். ஏதாவது ஒன்று வந்தால் போதும் என்று விட்டுவிடுகிற வாசலுக்குப் பின்பக்கம் மீன் வால் மாதிரி வளைந்திருக்கும். இந்தத் தாளிலோ ரொட்டியும் இல்லை, மீனும் இல்லை. எல்லாமே வெறும் கட்டங்கள். ஒரு கட்டத்துக்குள் &, இன்னொன்றில் >1.

முதல் குறியை அண்ணி உடனே பிடித்துவிட்டார். கடைப் பலகைகளில் இரண்டு கூட்டாளிகளின் பெயருக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் குறிதானே அது. இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும் என்று பொருள். கருகிய ஐசி இருந்த கட்டத்தில்தான் >1. ஒன்றுக்கு மேல் என்றால் இரண்டு, அப்படியானால் இதுவும் ரொட்டிதான் என்று முடிவு கட்டினார். இரண்டு வகை ஐசிக்கும் கால் பதினான்கு, காலின் வரிசையும் ஒன்றே. கையிலிருந்த ரொட்டி ஐசி கச்சிதமாக உட்கார்ந்தது.

பொத்தான்களை அழுத்தினார், கத்தி இறங்கியது. முதலாளி வேறு தலைமேல் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அண்ணி பையைக் கட்டினார். அண்ணன் நோட்டுக் கட்டைக் கத்திக்கு அடியில் வைத்து, கையால் தட்டித் தட்டி நேராக்கினார்.

பையைத் தோளில் மாட்டியவர் அப்படியே நின்றார்.

"ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்னா எதுக்கு ரெண்டு குறி போடுறான்?"

அண்ணி பையைக் கீழே வைத்தார். அண்ணனைத் தள்ளி நிற்கச் சொன்னார். பழைய பேப்பர் நாலைந்தை இறுக்கிச் சுருட்டி, அந்தச் சுருளை ஒளிக்கதிருக்குக் குறுக்காகக் கத்தியின் அடிவரை நீட்டி வைத்துவிட்டு, பொத்தான்களைத் தானே அழுத்தினார். கத்தி நிற்கவில்லை. சுருள் இரண்டு துண்டானது.

அண்ணன் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கையும் நீட்டி, சிவப்புப் பொத்தானும் தட்டினால்தான் நிற்பேன் என்று மெஷின் அடம்பிடித்திருக்கிறது.

அண்ணி பூதக்கண்ணாடியோடு தாளில் விழுந்தார். மடிப்புக்குள் நகல் தெளிவாக இருந்த ஒரு மூலையில் அதே குறி. ஆனால் அங்கே கொக்கிக்கு அடியில் ஒரு சின்னக் கோடு, ≥1. ஒன்றோ, ஒன்றுக்கு மேலோ. அதாவது ஒன்று வந்தாலே போதும். மீன் வால்தான் கட்டத்துக்குள் ஒளிந்திருந்தது. மற்ற இடங்களில் நகல் எடுத்து எடுத்து அந்தக் கோடு தேய்ந்துபோயிருந்தது.

நகல் மெஷினின் குற்றம் என்று சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் முதலாளியை நிமிர்ந்து பார்த்தார்.

"தப்பு என்னோடதுதான். சோதிச்சுப் பாக்காம சரின்னு சொல்லிட்டேன்."

முதலாளி அவசரத்தையெல்லாம் மறந்து ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அண்ணி ஐசியை மாற்றினார். இரண்டு தடவை கால் சரியாக நுழையவில்லை. மாற்றி முடித்ததும் அண்ணன், ஒன்றும் நடக்காத மாதிரி, நோட்டுக் கட்டின் பக்கம் போனார்.

"இருங்க, இன்னும் பாக்கல" என்றார் அண்ணி.

"நீ சரின்னு சொன்னா எனக்குப் போதும்மா."

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமும் வந்தது.

"முதல்லயும் நான் சரின்னுதான் சொன்னேன். அதை நம்பித்தானே உள்ள கைய வச்சீங்க? இனிமே என் பேச்ச நம்பாதீங்க. கத்தி நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் கைய வைங்க."

அன்றிலிருந்து அண்ணன் காலையில் மெஷினைப் போட்டதும் முதலில் ஒரு பேப்பர் சுருளை நீட்டிப் பார்க்கிறார். அடுத்து சிவப்புப் பொத்தானைத் தட்டிப் பார்க்கிறார். இரண்டுக்கும் தனித்தனியாகக் கத்தி நின்ற பிறகுதான் நோட்டில் கை வைக்கிறார். அண்ணியை நம்பாதே என்று அண்ணி சொன்னதை ஒரு நாள்கூடத் தட்டியதில்லை.