சாத்திய கதவுக்குள் எடுத்த பாட்டு

கிளெமென்ற் பேசினால் கனத்த ஆண்குரல். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் முகவர் அலுவலகமொன்றில் கிளார்க்காக இருக்கிறார். பாடத் தொடங்கினாலோ அந்தக் குரல் பெண்கள் பாடும் உயரத்துக்கு ஏறிவிடும். கொட்டாஞ்சேனைச் செத்தவீடுகளில் அவர் பாடினால், எந்தப் பெண் பாடுகிறாள் என்று பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இப்படிப் பாடும் ஆணைக் கவுண்டர்டெனர் என்பார்கள். முந்நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பியக் கிறிஸ்தவக் கோயில்களுக்காக எழுதப்பட்ட பரோக் பக்திப் பாடல்கள் அவர் தொண்டைக்கென்றே அளவெடுத்தவை போலிருக்கும்.

2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு அவர் பாடவில்லை.

அன்று பையோடு வந்த இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவன் வெடிக்கவைத்த குண்டு அவருடைய கோயிலில் அல்ல, பக்கத்துக் கோயிலில். அவர் அப்போது தனிப்பாட்டொன்றின் உச்ச சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிலம் அதிர்ந்தது. யாரோ பயத்தில் பெரிய கதவைச் சாத்தித் தாழிட்டார்கள். வெளியே ஓடப் பார்த்த சனம் அந்தக் கதவில் போய் மோதியது. அந்த நெரிசலுக்குள் கிளெமென்ற் மூச்செடுக்க முடியாமல் நசுங்கினார். முறிந்த விலா எலும்பு பிறகு பொருந்திவிட்டது. ஆனால் பூசைக்குப் போனால் வாசற்படியோடு நின்றுவிடுவார். குளியலறையில் தன்னை மறந்து குரல் மேலே ஏறினாலும் உடம்பு விறைத்து, வரப்போகும் அதிர்ச்சிக்குக் காத்திருக்கும்.

கோயிலில் ஓர்கன் வாசிக்கும் டில்ஷானிதான் விடாமல் கேட்டாள்.

"ஆறே ஆறு பாட்டு, அங்கிள். ரெக்கோட் பண்ணி வைப்பம். குரல் இருக்கும்போதுதானே எடுக்கலாம்?"

வீட்டில் மனைவி ஐறீனிடம் சொன்னார். "ஏலாதெண்டா ஏலாது. ஆனா அதை நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள் ஐறீன். ஏலாது என்று சொல்லப் போனவர், ஓம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

கடைகள் பூட்டியிருக்கும் போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளொன்றைத் தெரிந்தெடுத்தார்கள். ஒலிப்பதிவுக்காரர் பக்கத்துக் கிராண்ட்பாஸைச் சேர்ந்த ஜவாத் என்ற முஸ்லிம். நீளமான கறுப்புப் பைகளைத் தோளில் தொங்கவிட்டபடி அவர் கோயில் கேற்றுக்குள் வந்ததும் கிளெமென்ற் ஓரடி பின்வாங்கினார். அப்படிப் பின்வாங்கியதற்காகத் தன் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

ஜவாத் முற்றத்திலேயே நின்றார். பைகளை இறக்கி, சிப்பை இழுத்து, ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பரப்பினார்.

"மைக், ஸ்டாண்ட், வயர். பாத்துக்கோங்க அண்ணே."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே, தம்பி."

"நீங்க கேக்கமாட்டீங்க. எனக்குத்தான் பயம் ஈக்கிது. பேக்கோட சேர்ச் வாசல்ல நிக்கிற நேரம் எல்லாரும் பேக்கத்தான் பாக்கிறாங்க. ஒருக்கா ரோட்டுல மறிச்சு, பேரைக் கேட்டுட்டு, இந்த ஸ்டாண்டுக்காகப் பகல் முழுக்க உக்கார வெச்சாங்க."

கிளெமென்ற் குனிந்து இரண்டு ஸ்டாண்டுகளைத் தூக்கிக்கொண்டார். உள்ளே இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள்.

மின்விசிறிகளை நிறுத்தினார்கள். கதவு திறந்திருக்கட்டும் என்றார் கிளெமென்ற். முதல் பாட்டில் ஒரு திரீவீலரின் சத்தம் புகுந்தது; மறுபடி எடுத்தபோது எங்கோ ஒலிபெருக்கியில் பிக்கு ஒருவரின் பண உபதேசம் கேட்டது. கதவைச் சாத்தினார்கள். பாட்டு உச்சத்தை நெருங்கியதும் கிளெமென்ற் வியர்த்துக் கொட்டி, பாதியில் விட்டு, ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அடுத்த தடவையும் அப்படியே.

"சரி அண்ணே. பாட்டைக் கதவுக்கிட்ட கொண்டு போவம்" என்றார் ஜவாத்.

மைக்குகளை வாசலருகே நகர்த்தினார். கதவைச் சாத்தினாலும் தாழ்ப்பாள் போடவில்லை. கை நீட்டினால் கதவு எட்டும். கூட வந்திருந்த ஐறீன் வெளியே கதவோரச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, "நான் இங்கதான் இருக்கிறன்" என்று குரல் கொடுத்தாள்.

மகனை இழந்த தாயின் துயரைச் சொல்லும் லத்தீன் பாட்டு அது. ஓரிடத்தில் ஓர்கன் நின்றுவிடும். குரல் மட்டும் தனியே மேலே போய்த் தங்கவேண்டும். கிளெமென்ற் கைப்பிடியைப் பார்த்தபடியே மேலே போனார். தங்கினார்.

அப்போது தெருவில் ஏதோ லொறியின் பின்கதவு தடாரென்று விழுந்தது.

அவருடைய குரல் நூலாக மெலிந்தது. அறுந்துவிடும் என்றே டில்ஷானி நினைத்தாள். அறவில்லை. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கி, கடைசிச் சொல்வரை பாடி முடித்தார். பிறகு கதவைத் தள்ளி வெளியே போய், வேலியோரம் வாந்தியெடுத்தார். ஐறீன் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது ஜவாத் இன்னும் பெஞ்சுக்கடியில் குந்தியிருந்தார். ஹெட்போனுக்கு மேலால் இரண்டு கைகளும் காதைப் பொத்தியிருந்தன. டில்ஷானி தோளைத் தொட்ட பிறகே எழுந்தார்.

"லொறி, தம்பி" என்றார் கிளெமென்ற்.

"வெளங்குது அண்ணே. உடம்புக்குத்தான் வெளங்கல்ல."

அன்று நான்கு பாட்டுகள்தான் எடுக்க முடிந்தது. அந்தத் தாயின் பாட்டைத் திரும்ப எடுக்கவில்லை. லொறிச் சத்தத்தை ஜவாத் தன் வீட்டில் வைத்துச் சுத்தமாக நீக்கிவிட்டார். கேட்டவர்கள் எல்லோரும் குரல் மெலியும் இடத்தைத்தான் புகழ்ந்து சொன்னார்கள். அப்படி அடக்கிப் பாட எங்கே பழகினீர்கள் என்று ஒரு சங்கீத ஆசிரியை கிளெமென்றிடமே விசாரித்தார். அவர் சிரித்து வைத்தார்.

ஐறீன் சமைக்கும்போது அந்தப் பாட்டைப் போடுவாள். அந்த இடம் நெருங்கினால் கிளெமென்ற் பல்கனிக்குப் போய், முடிந்த பிறகுதான் உள்ளே வருவார். மிச்சம் இரண்டு பாட்டும் இன்னும் எடுக்கப்படவில்லை. சென்ற வாரமும் ஜவாத் கோல் பண்ணி, அடுத்த போயாவுக்கு வரட்டுமா என்று கேட்டார்.

"வாங்க தம்பி" என்றார் கிளெமென்ற். போனை வைத்ததும் எழுந்துபோய், பல்கனிக் கதவை அகலத் திறந்து வைத்தார்.